ஜம்ப் அடிக்க ஒரு வண்டி

"அண்ணே, மொதல்ல எந்த டர்ட் பைக் வாங்கலாம்? நல்லா ஜம்ப் அடிக்கணும், ஸ்பீடாவும் போகணும், அடிக்கடி மக்கர் பண்ணக் கூடாது."

சைக்கிள் ஸ்டாண்டில் ஜூனியர் தம்பிகள் என்னை மடக்கிக் கேட்கும் கேள்வி இது. முருகனிடம்கூட ஒரே மூச்சில் மூன்று வரம் கேட்க யோசிப்போம். இவர்கள் யோசிப்பதில்லை!

ஆனால் சரியான ஆளிடம்தான் வருகிறார்கள். தப்பான வண்டியில் குதித்த அனுபவம் நம் கேம்பஸில் எங்கள் மூன்று பேருக்குத்தான் உண்டு. இரண்டாம் ஆண்டு லீவில் பழைய 100 சி.சி. வண்டி ஒன்றை எடைக்குப் போடும் விலைக்கு வாங்கினோம். மட்கார்டைக் கழற்றினோம், சைலன்சரைத் தூக்கிக் கட்டினோம், பட்டன் டயர் மாட்டினோம், 'டர்ட் பைக்' என்று பெயரும் வைத்தோம். பார்க்க அப்படியேதான் இருந்தது. ஊருக்கு வெளியே காலி மனையில் கொட்டிக் கிடந்த மண்மேட்டில் ஏறி முதல் குதி நன்றாக வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதில் முன்சக்கரம் தரையைத் தொட்டதும் ஹெட் பைப்புக்குக் கீழே ஃபிரேம் பிளந்து, ஃபோர்க் பின்னால் மடங்கி இன்ஜினில் முட்டியது. ஓட்டிய நண்பனுக்குக் காலர் எலும்பு இரண்டு துண்டு. அந்த செமஸ்டர் பிராக்டிகலுக்கு அவனால் வர முடியவில்லை. அவன் அம்மா இன்றுவரை என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

உடைந்த ஃபிரேமை ஒர்க்‌ஷாப்புக்குத் தூக்கி வந்தபோது எங்கள் சார் திட்டவில்லை. சாக்பீஸை எடுத்து போர்டில் ஒரு கணக்கு போட்டார். முதல் வருஷம் நாம் எல்லோரும் பாஸ் செய்த அதே கணக்குதான்.

நூறு கிலோ சொச்சம் வண்டி, அறுபது கிலோ ஆள். மொத்தம் 170 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து சமதரையில் விழுகிறது. விழும்போது சேர்ந்த சக்தி முழுவதையும், சக்கரம் மேலே ஏறி அமுங்கும் அந்தச் சின்ன தூரத்துக்குள் ஷாக் அப்சார்பர் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தத் தூரத்துக்கு சஸ்பென்ஷன் டிராவல் என்று பெயர். ரோட்டு வண்டிகளில் பின்பக்கம் சுமார் 10 செ.மீ. கிடைக்கும். சராசரி விசை என்ன? விழுந்த உயரத்தையும் டிராவலையும் கூட்டி, டிராவலால் வகுத்து, எடையால் பெருக்குங்கள். 1.10-ஐ 0.10-ஆல் வகுத்தால் 11. அதாவது 170 கிலோ அந்த நொடியில் 1870 கிலோவாக ஃபிரேமில் இறங்குகிறது. ஒரு காரைத் தூக்கி வைத்த மாதிரி!

அதே ஆள், அதே எடை, அதே உயரம். ஆனால் டிராவல் மட்டும் 25 செ.மீ. என்றால்? 1.25-ஐ 0.25-ஆல் வகுத்தால் 5. விசை 850 கிலோ. பாதிக்கும் கீழே வந்துவிட்டது. இன்ஜினை நாம் தொடவே இல்லை, பாருங்கள்.

இது சராசரிதான். ஷாக் அப்சார்பர் முழுக்க அமுங்கிக் கடைசியில் 'டங்' என்று இடிக்கும் இடத்தில் விசை இன்னும் எகிறும். எங்கள் வண்டியில் எகிறிய இடம் ஹெட் பைப் வெல்டிங். ரோட்டுக் குழிக்காகச் செய்த ஃபிரேமிடம் வேறு எதை எதிர்பார்ப்பது? அதனால், தம்பிகளே, 'எத்தனை சி.சி.' என்று கேட்பதற்கு முன் 'எத்தனை செ.மீ. டிராவல், எத்தனை கிலோ எடை' என்று கேளுங்கள். குதிக்கிற வண்டிக்கு ஜாதகம் அந்த இரண்டு எண்கள்தான்.

இந்த உண்மை ரேஸ்காரர்களுக்கே லேட்டாகத்தான் புரிந்தது. 1924-இல் இங்கிலாந்தின் கேம்பர்லியில் 'ஸ்கிராம்பிள்' என்ற பெயரில் ஆரம்பித்த விளையாட்டு இது. 1970 வாக்கில்கூட ரேஸ் வண்டிகளுக்குப் பின்பக்கம் 10 செ.மீ. அளவுக்குத்தான் டிராவல் இருந்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த லூசியன் டில்கென்ஸ் என்ற பொறியாளர் பின்னால் இருந்த இரண்டு ஷாக் அப்சார்பரையும் தூக்கிவிட்டு, ஒரே ஒரு நீளமான ஷாக்கை சீட்டுக்கு அடியில் படுக்கவைத்தார். யமஹா அதை வாங்கிக்கொண்டது. 1973-இல் அந்த மோனோஷாக் வண்டியில் ஹோகன் ஆண்டர்சன் 250 சி.சி. உலக சாம்பியன் ஆனார். அதன் பிறகு எல்லாக் கம்பெனிக்கும் போட்டிதான். பத்து வருஷத்துக்குள் டிராவல் 30 செ.மீ.யைத் தொட்டது. இன்றைய முழு அளவு மோட்டோகிராஸ் வண்டிகளிலும் ஏறக்குறைய அதே 30 செ.மீ.தான். இன்று நம் ஊர் கம்யூட்டர் பைக் விளம்பரத்தில் 'மோனோஷாக்' என்று பெருமையாகப் போடுகிறார்களே, அதன் பூர்வீகம் மண்மேடுதான்.

இங்கே ஒரு கேள்வி வரும். டி.வி.யில் பத்து, பதினைந்து அடி உயரத்தில் பறக்கிறார்களே, அவர்கள் எலும்பெல்லாம் எப்படித் தப்புகிறது?

ரகசியம் வண்டியில் பாதி, மண்ணில் பாதி. அவர்கள் சமதரையில் இறங்குவதே இல்லை, சரிவில் இறங்குகிறார்கள். மறுபடியும் நம் ஒரு மீட்டர் கணக்கு. தரையைத் தொடும்போது கீழ்நோக்கிய வேகம் நொடிக்கு 4.43 மீட்டர். வண்டி 36 கி.மீ. வேகத்தில், அதாவது நொடிக்கு 10 மீட்டர் முன்னே போய்க்கொண்டிருக்கிறது. இறங்கும் இடம் 20 டிகிரி சரிவு என்றால், அந்தச் சரிவில் செங்குத்தாக மோதும் வேகம் எவ்வளவு? சைன், காஸ் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 0.74 மீட்டர்தான் வரும். அது வெறும் 3 செ.மீ. உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம்! நூறு செ.மீ. எங்கே, மூன்று செ.மீ. எங்கே? நான் முதலில் நம்பவில்லை. கால்குலேட்டரில் இரண்டு தடவை போட்ட பிறகுதான் நம்பினேன். எங்கள் மண்மேட்டுக்கு ஏறும் பக்கம் சரிவு இருந்தது. இறங்கும் பக்கம் கட்டாந்தரை. ஆக வண்டியும் தப்பு, இடமும் தப்பு.

(ஏரிக்கரையில் நல்ல சரிவு இருக்கிறதே என்று சிலர் கண்ணடிக்கிறார்கள். வேண்டாம் சாமி. சக்கரம் போட்ட தடத்தில் மழைத்தண்ணீர் இறங்கினால் கரை பிய்த்துக்கொள்ளும். நம் ஜம்ப்புக்காக ஒரு ஊர் வயல் முழுக வேண்டாம்.)

அடுத்து ஸ்பீடு. இதில்தான் நம் பசங்க அதிகம் ஏமாறுகிறார்கள். யமஹாவில் டிடி-ஆர் 125 என்று ஒரு வண்டி, ஒய்இசட் 125 என்று ஒரு வண்டி. இரண்டும் 125 சி.சி., இரண்டும் 90 கிலோவை ஒட்டிய எடை. ஆனால் முதலாவது காற்றில் குளிரும் ஃபோர் ஸ்ட்ரோக் பழகுவண்டி; இரண்டாவது தண்ணீரில் குளிரும் டூ ஸ்ட்ரோக் ரேஸ் வண்டி. பவர் ஏறக்குறைய மூன்று மடங்கு. அந்தப் பவரும் பால் பொங்குகிற மாதிரி. கீழே ஒன்றுமே இருக்காது, ஒரு ஆர்.பி.எம். தாண்டியதும் சட்டென்று பொங்கி வரும். கை பழகாதவன் சரிவில் ஏறும்போது அது பொங்கினால் வண்டி முன்னால் போகும், ஆள் பின்னால் போவான். சி.சி.யை மட்டும் பார்த்து முதல் வண்டி வாங்கக் கூடாது என்பதற்கு இந்த ஜோடியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மண்ணில் ஸ்பீடு என்பது நேர் ரோட்டில் முள் எங்கே நிற்கிறது என்பதல்ல. வளைவில் எவ்வளவு சீக்கிரம் திரும்பி மறுபடி ஆக்சிலரேட்டர் கொடுக்கிறோம் என்பதுதான். பதினைந்து குதிரை சக்தி முழுவதையும் பயப்படாமல் திறப்பவன், முப்பத்தைந்தில் பாதியைப் பயந்து பயந்து திறப்பவனைத் தாண்டிப் போய்விடுவான்.

நம்பகம்? அதற்கும் இதே கதைதான். ஃபோர் ஸ்ட்ரோக் 250 சி.சி. ரேஸ் வண்டிகள் சிலவற்றின் கையேட்டைப் புரட்டினால், ரேஸ் ஓட்டுபவர்கள் சுமார் 15 மணி நேரத்துக்கு ஒரு தடவை பிஸ்டனையும் ரிங்கையும் மாற்றச் சொல்லி இருக்கும். கிலோமீட்டர் அல்ல, மணி நேரம்! ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு ஒரு பிஸ்டன். ஹாஸ்டல் மெஸ் பில்லே கட்டத் திணறுகிற நமக்கு இது ஆகுமா? அது மோசமான வண்டி என்று அர்த்தமில்லை. கடைசிச் சொட்டு பவர் வரை பிழிய வேண்டும் என்று செய்த இன்ஜின் அப்படித்தான் இருக்கும். காற்றில் குளிரும், ஒற்றை சிலிண்டர், மிதமான கம்ப்ரஷன் உள்ள டிரெயில் வண்டியோ ஆயிலும் ஏர் ஃபில்டரும் ஒழுங்காகப் பார்த்தால் வருஷக்கணக்கில் ஓடும்.

சரி, கையில் காசோடு கடைக்குப் போகிறோம். என்ன இருக்கிறது?

வெளிநாட்டில் முதல் வண்டி என்றால் மேலே சொன்ன டிடி-ஆர் 125, ஹோண்டாவின் சிஆர்எஃப் 125 எஃப் மாதிரி வண்டிகளைக் கைகாட்டுவார்கள். டிடி-ஆருக்கு டிராவல் 17, 18 செ.மீ.தான். ஆனால் 90 கிலோதான் எடை என்பதால் சின்ன ஜம்ப்புக்குத் தாங்கும், விழுந்தாலும் தூக்கலாம். நம் ஊரில் இவற்றைத் தேடி அலைவது வீண். இந்தியாவில் கவாசாகி விற்றிருக்கும் கேஎல்எக்ஸ் 110, 140 இதே ஜாதி. 140 சுமார் 100 கிலோ. பழக அருமையான வண்டிகள். ஆனால் ஹெட்லைட், இண்டிகேட்டர், நம்பர் பிளேட் எதுவும் கிடையாது. ஆர்.சி. புக் இல்லாத வண்டி ரோட்டில் இறங்க முடியாது. மைதானம் வரை மினி வேனில் ஏற்றிப் போக வேண்டும். அந்த வாடகையையும் விலையோடு சேர்த்துக் கணக்கு போடுங்கள்.

கல்லூரிக்கும் வர வேண்டும், மண்ணிலும் ஓட வேண்டும் என்றால் நமக்குத் தெரிந்த பெயர் ஹீரோ. 2011-இல் வந்த இம்பல்ஸ்தான் நம் ஊரில் சாமானியன் கைக்கு எட்டிய டர்ட் ரக வண்டி, 150 சி.சி., பிறகு நின்றுபோனது. 2019-இல் எக்ஸ்பல்ஸ் 200 வந்தது. 200 சி.சி., முன்னால் 21 இஞ்ச், பின்னால் 18 இஞ்ச் ஸ்போக் சக்கரம், டிராவல் முன்னால் 19, பின்னால் 17 செ.மீ. பவர் 20 குதிரைக்கும் கீழே என்று சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். பழகுகிறவனுக்கு அது பிளஸ் பாயிண்ட். மைனஸ், எடை. பிறகு வந்த நான்கு வால்வு மாடல் சுமார் 160 கிலோ. ஆளோடு 220. நம் கணக்கில் போடுங்கள்: ஒரு அடி உயரத்துக்கு சுமார் 600 கிலோ விசை, ஒரு மீட்டர் என்றால் 1500 கிலோ. என் அபிப்பிராயம்: ஒரு அடிக்குக் குதியுங்கள், அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். 2023-இல் வந்த புரோ மாடலில் டிராவல் முன்னால் 25, பின்னால் 22 செ.மீ. என்று ஏறியது. சீட் உயரமும் 89 செ.மீ. ஆகிவிட்டது. ஐந்தரை அடி ஆள் சிக்னலில் ஒரு காலைத்தான் ஊன்ற முடியும். வாங்குவதற்கு முன் ஷோரூமில் ஏறி உட்கார்ந்து பாருங்கள், கூச்சப்பட வேண்டாம்.

2024 கடைசியில் கவாசாகி கேஎல்எக்ஸ் 230 இங்கே வந்தது. ரோட்டில் ஓட்டலாம், சுமார் 140 கிலோ, டிராவல் 24, 25 செ.மீ. பவர் எக்ஸ்பல்ஸ் அளவுதான். குதிப்பதுதான் முக்கியம், அப்பாவும் சம்மதித்துவிட்டார் என்றால் நான் இந்தப் பக்கம்தான் கை காட்டுவேன். ஆனால் ஸ்பேர் பார்ட்ஸும் மெக்கானிக்கும் எல்லா ஊரிலும் கிடைப்பதில் ஹீரோவை அடிக்க முடியாது. தஞ்சாவூர்ப் பக்கம் கிளட்ச் லீவர் உடைந்தால் சாயங்காலத்துக்குள் கிடைக்க வேண்டுமா, சென்னையிலிருந்து கூரியரில் வரும்வரை காத்திருக்க முடியுமா? நம்பகம் என்பதில் இதுவும் சேர்த்தி.

'ஆர்எக்ஸ் 100 ஏத்தலாமா மச்சான்?' என்று கேட்கிறவர்கள் எல்லா பேட்ச்சிலும் உண்டு. 1985-இல் வந்து 1996-இல் நின்ற அந்த 98 சி.சி., 11 குதிரை வண்டி மேல் எனக்கும் காதல்தான். நம் நாட்டு மண் ரேஸ்களில் அதை மாற்றிக் கட்டி எத்தனையோ பேர் ஜெயித்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஃபிரேமுக்கு ஜாக்கெட் அடித்து, ஃபோர்க்கையும் ஷாக்கையும் மாற்றி, ரேஸ் முடிந்ததும் மொத்தமாகப் பிரித்துப் பார்க்கிறவர்கள். ரோட்டு வண்டியை அப்படி மாற்றினால் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும்.

பழைய வண்டி பார்க்கிறீர்களா? அப்படியானால் நிதானமாகப் படியுங்கள். நம்மில் முக்கால்வாசிப் பேர் அதைத்தான் வாங்கப் போகிறோம். போனதும் இன்ஜினில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம். 'டீ குடிச்சிட்டு வர்றோம்ணே' என்று சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள். ஜில்லென்று இருக்கும் இன்ஜின் எத்தனை உதையில் எழுகிறது என்பதுதான் உண்மை. அடுத்து ஏர் ஃபில்டரைக் கழற்றி, அதற்குப் பின்னால் இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயின் உள்ளே விரலை விட்டுத் தடவுங்கள். விரலில் செம்மண் ஒட்டினால் பேசாமல் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். உள்ளே போன மண் பிஸ்டனையும் சிலிண்டரையும் எமரி பேப்பர் மாதிரி தேய்த்திருக்கும். வெளியே எத்தனை பாலீஷ் போட்டாலும் ரீபோர் செலவு உங்கள் தலையில்.

பிறகு வண்டியை சென்டரில் தூக்கி நிறுத்தி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 'டக் டக்' என்றால் கோன் செட் போயிருக்கிறது. பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஸ்விங் ஆர்ம் புஷ்ஷின் நிலை தெரியும். ஃபோர்க் குழாயில் எண்ணெய்ப் பசை இருந்தால் சீல் லீக்; அது சின்ன செலவு, பயப்பட வேண்டாம், விலையைக் குறைக்க உதவும். பயப்பட வேண்டியது ஃபிரேமைப் பார்த்துத்தான். ஹெட் பைப்பைச் சுற்றியும், ஃபுட் ரெஸ்ட் பிடிக்கும் இடத்திலும் டார்ச் அடித்துப் பாருங்கள். முடி மாதிரி ஒரு கோடு, அந்தக் கோட்டில் மட்டும் துரு, அல்லது அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் என்றால் வண்டி ஒரு தடவை பிளந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். வாங்கிய பிறகு சந்தேகம் வந்தால் நம் மெட்டலர்ஜி லேபில் டை பெனட்ரன்ட் டெஸ்ட் இருக்கவே இருக்கிறது. எங்கள் ஃபிரேமில் அந்தச் சிவப்புக் கோடு எப்படி மலர்ந்தது தெரியுமா? நாங்கள் குதிப்பதற்கு முன்பே இருந்த பழைய பிளவு அது. துரு காட்டிக்கொடுத்தது. யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

வாங்கியாயிற்று. உங்கள் எடைக்கு ஸ்பிரிங் சரியா என்று ஒரு டேப்பை வைத்துப் பார்க்கலாம். சக்கரம் தொங்கும்படி வண்டியைத் தூக்கி, பின் ஆக்சிலிலிருந்து சீட் ஓரம் வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு ஹெல்மெட், பூட்ஸோடு ஏறி நில்லுங்கள். நண்பன் மறுபடி அளக்கட்டும். வித்தியாசம் மொத்த டிராவலில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருந்தால் சரி. நம் பசங்க பலர் ஐம்பது, ஐம்பத்தைந்து கிலோ ஒல்லிகள். வித்தியாசம் குறைவாகத்தான் வரும். ப்ரீலோட் நட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். காசு செலவில்லாத டியூனிங் இதுதான்.

குதிக்கும்போது நின்றுகொள்ளுங்கள். முழங்கால் மடக்கி நிற்பவனுக்கு அவன் கால்களே இன்னொரு 30 செ.மீ. டிராவல், உட்கார்ந்திருப்பவனுக்கு முதுகெலும்புதான் ஷாக் அப்சார்பர். மேட்டில் ஏறும்போது ஆக்சிலரேட்டரைப் பாதியில் விட்டுவிடாதீர்கள், மூக்கு குத்தும். பறக்கும்போது முன்பக்கம் இறங்குகிறது என்று தெரிந்தால் ஆக்சிலரேட்டரை முறுக்குங்கள், மூக்கு மேலே வரும். அதிகமாக ஏறினால் பின் பிரேக்கைத் தொடுங்கள், இறங்கும். மந்திரம் ஒன்றுமில்லை. சக்கரம் வேகமாகச் சுற்றினால் வண்டி எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். நாம் மனப்பாடம் செய்து எழுதிய கோண உந்த அழியாமைதான்.

ஹெல்மெட், கழுத்துவரை மூடும் ஜாக்கெட், முழங்கால் கார்டு, கணுக்காலைப் பிடிக்கும் பூட்ஸ், இவற்றுக்கான பணத்தை முதலில் எடுத்து வைத்துவிட்டு, மீதியில் வண்டி தேடுங்கள். முதலாமாண்டுத் தம்பிகளுக்கு: பதினெட்டு வயது ஆகாமல் கியர் வண்டிக்கு லைசென்ஸ் கிடையாது. இன்ஷூரன்ஸ் பாலிசியையும் ஒரு தடவை படியுங்கள். ரேஸுக்கும் வேகச் சோதனைக்கும் பொருந்தாது என்று அதிலேயே போட்டிருப்பார்கள். முறையாகப் போட்டிக்குப் போக ஆசையிருந்தால் லைசென்ஸ் தரும் இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகளின் சம்மேளனம் சென்னையிலேயே இருக்கிறது. 2015-இல் டக்கார் ராலியை முடித்த முதல் இந்தியரான பெங்களூர் சி.எஸ். சந்தோஷ் மோட்டோகிராஸிலிருந்து போனவர்தான். 2024-இல் ஷெர்கோ டி.வி.எஸ். வண்டியில் ராலி-2 பிரிவில் ஜெயித்த ஹரித் நோவா பக்கத்து ஷொரணூர்க்காரர்.

எங்கள் ஃபிரேம் இன்னும் ஒர்க்‌ஷாப்பில் கிரைண்டிங் மெஷினுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறது. பிளந்த இடம் அப்படியே இருக்கிறது, போய்ப் பாருங்கள். யாராவது பழைய வண்டி பார்க்கப் போவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து எனக்குச் சொல்லுங்கள், கூட வருகிறேன். டேப்பும் டார்ச்சும் என்னிடம் இருக்கிறது. காலர் எலும்பு நண்பனும் வருவான். விரலை விட்டு மண் பார்ப்பதில் இப்போது அவனை மிஞ்ச ஆளில்லை.